இரண்டு புத்தகத்துக்குத்தான் பணம்: ஐரோப்பிய இலக்கிய ஆய்வில் எதை வாங்கலாம்?

கோத்தகிரி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்காகக் கேட்கிறேன். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், ஒரு வங்கி ஊழியர், கல்லூரி முடித்த தம்பிகள் இருவர். இதுவரை ஐரோப்பிய நாவல்களைத் தமிழில் படித்துப் பேசினோம். எம். ஏ. சுசீலா மொழிபெயர்த்த ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’, டி. எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’ எல்லாம் முடிந்துவிட்டன. ஆனால் பேச்சு கதைச் சுருக்கத்தைத் தாண்டுவதில்லை. பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். ஒரு நாவலை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரும் ஆய்வு நூல் வேண்டும். ஆங்கிலத்தில் வாங்கி, அத்தியாயத்துக்கு ஒருவராகப் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வதாகத் திட்டம்.

கையில் உள்ள பணத்துக்கு இரண்டு புத்தகம்தான் வரும். விசாரித்ததில் வந்த பெயர்கள்: எரிக் அவெர்பாக்கின் ‘மிமெசிஸ்’, குர்ட்டியஸின் ‘ஐரோப்பிய இலக்கியமும் லத்தீன் இடைக்காலமும்’, டெரி ஈகிள்டனின் ‘லிட்டரரி தியரி’, அடோர்னோவும் ஹோர்க்ஹெய்மரும் எழுதிய ‘அறிவொளியின் இயங்கியல்’. எந்த இரண்டு? ஏன்? பெயரை மட்டும் சொல்லாமல் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

அருவங்காடு:

ஈகிள்டனில் தொடங்குங்கள் அக்கா. 1983இல் வந்தது, இன்றும் அதற்கு மாற்று கிடையாது. நிகழ்வியல், அமைப்பியல், பின்-அமைப்பியல், உளப்பகுப்பாய்வு என்ற கோட்பாடுகள் எல்லாவற்றையும் படிக்கக்கூடிய நடையில் சொல்லிவிடுகிறார். முதல் அத்தியாயம், ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக எப்படி உருவானது என்பது, நம் ஊர் ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டியது. அந்தப் பாடம் ஆக்ஸ்ஃபோர்டில் நிலைபெறும் முன்பே தொழிலாளர் கல்விக்கூடங்களிலும் காலனி நிர்வாகத்துக்கான தேர்வுகளிலும் இடம்பிடித்துவிட்டது என்கிறார். இந்தியப் பக்கத்தைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் தனிப் புத்தகமாகவே எழுதினார். வரைபடம் கையில் இல்லாமல் அவெர்பாக்குக்குள் போனால் திணறிவிடுவீர்கள்.

மலைரயில்:

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்றவன். தம்பி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இந்த வட்டத்துக்கு ஈகிள்டன் முதல் புத்தகம் அல்ல என்பதில் உறுதியாக இருக்கிறேன். அவர் கோட்பாடுகளைப் பற்றிச் சொல்கிறார். நீங்கள் கேட்பது படிக்கும் முறை. ஈகிள்டனை முடித்தபின் உங்கள் வட்டத்தில் ‘பின்-அமைப்பியல்’ என்ற சொல் புழங்கும். ‘குற்றமும் தண்டனையும்’ நாயகன் ரஸ்கோல்னிகோவைப் பற்றிய பேச்சு பழைய இடத்திலேயே இருக்கும். எம். ஏ. வகுப்புகளில் இதைத்தான் வருடா வருடம் பார்த்தேன். கோட்பாட்டின் பெயர்கள் மனப்பாடம், ஒரு பத்தியைக் கொடுத்தால் வாய் திறக்காது.

‘மிமெசிஸ்’ வாங்குங்கள். அதன் ஒவ்வொரு அத்தியாயமும் பெரும்பாலும் ஒரு நீண்ட மேற்கோளோடு தொடங்கும். ஒரு பக்கம், சிலசமயம் அதற்கும் மேல். அதை உங்கள் முன்னால் வைத்துவிட்டு, வாக்கியம் வாக்கியமாகப் போவார். வாக்கியங்கள் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன, யார் பார்வையில் சொல்லப்படுகிறது, எது சொல்லாமல் விடப்பட்டது, இவ்வளவுதான் கேள்விகள். அந்தச் சின்னக் கேள்விகளிலிருந்து ஒரு சமூகம் மனிதர்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு வந்து சேர்வார். அவர் சொல்வது சரியா என்று நீங்களே அந்தப் பத்தியைத் திரும்பப் படித்துச் சோதிக்கலாம். ஆய்வு நூல்களில் எதை வாங்குவது என்று யார் கேட்டாலும் நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: ஆசிரியர் தன் சான்றை நம் கையில் கொடுக்கிறாரா, முடிவை மட்டும் கொடுக்கிறாரா?

முதல் அத்தியாயத்தைச் சொல்கிறேன். ஒடிசியின் பத்தொன்பதாம் காண்டம். வேடமிட்டு வீடு திரும்பிய ஒடிசியஸின் காலைக் கழுவும் செவிலி யூரிக்ளியா, தொடையில் இருக்கும் தழும்பைத் தொட்டு அவனை அடையாளம் காண்கிறாள். அந்த உச்சத்தில் ஹோமர் கதையை நிறுத்தி, தழும்பு வந்த பன்றி வேட்டையை நிதானமாகச் சொல்கிறார். எல்லாம் வெளிச்சத்தில், எதுவும் மறைவாக இல்லை. பக்கத்தில் அவெர்பாக் ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தை வைக்கிறார். ஆபிரகாம் மகனைப் பலியிட மூன்று நாள் நடக்கிறான். அந்த மூன்று நாளில் என்ன நினைத்தான், வழி எப்படி இருந்தது, ஒரு சொல் இல்லை. இரண்டு கதைகளுக்கும் நடுவே, மனித மனத்தை எழுத்தில் வைக்க இரண்டு வழிகள் இருப்பதைக் காட்டிவிடுகிறார். உங்கள் வட்டத்தில் யாருக்கும் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. அவெர்பாக் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். யூதர் என்பதால் 1935இல் வேலை போனது. மறு வருடம் இஸ்தான்புல் போனார். 1942 மே முதல் 1945 ஏப்ரல் வரை அங்கே இந்தப் புத்தகத்தை எழுதினார், 1946இல் பெர்ன் நகரில் வெளியானது. ஐரோப்பிய ஆய்வுக்கு வேண்டிய நூலகம் அங்கே இல்லை என்றும், எல்லா ஆய்வுகளும் கைக்குக் கிடைத்திருந்தால் ஒருவேளை எழுதியே இருக்க முடியாது என்றும் பின்னுரையில் சொல்கிறார். மலையில் உட்கார்ந்துகொண்டு, பெரிய நூலகம் இல்லையே என்று தயங்கும் எவருக்கும் அந்தப் பின்னுரையைப் படிக்கக் கொடுப்பேன்.

செண்பகனூர்:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. ஆய்வு மாணவி. சார் சொன்ன அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் பட்டியலில் இல்லாத ஒரு புத்தகம்தான் முன்னால் வருகிறது. அக்கா, நீங்கள் படித்து முடித்தது தஸ்தயேவ்ஸ்கி. அப்படியானால் மிகாயில் பக்தினின் ‘தஸ்தயேவ்ஸ்கி கவிதையியலின் பிரச்சினைகள்’ ஏன் இல்லை? அவெர்பாக் ரஷ்யர்களுக்குக் கொடுப்பது ஓர் அத்தியாயத்தின் கடைசிச் சில பக்கங்கள். அவர் எடுக்கும் பெத்ரோனியஸ், டாசிடஸ், ரபலே எதையும் உங்கள் வட்டம் படித்ததில்லை. மேற்கோள் கண்முன்னால் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் முழு நூலும் தெரியாதபோது அந்த ஒரு பக்கத்தை அவர் சொல்கிறபடிதானே பார்ப்பீர்கள்? தெரிந்த நாவலில்தான் ஆய்வாளரோடு வாதாட முடியும்.

பக்தின் சொல்வதை உடனே சோதிக்கலாம். அம்மாவின் கடிதம் வந்தபின் ரஸ்கோல்னிகோவ் தெருவில் நடந்துகொண்டே யோசிக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். தங்கையை மணக்கவிருக்கும் லூஷினையும், அவளுக்குத் தொல்லை கொடுத்த ஸ்விட்ரிகைலோவையும் அவன் இன்னும் நேரில் பார்த்ததில்லை. சோனியாவைப் பற்றி அவள் அப்பா மர்மெலாடோவ் சொல்லித்தான் தெரியும். ஆனாலும் அவன் மனத்துக்குள் எல்லாரும் பேசுகிறார்கள். அம்மாவின் சொற்களையே எடுத்து, கேலியும் கோபமுமாகத் திருப்பிச் சொல்கிறான். கொஞ்ச நேரத்தில் சாலையில் ஒரு பெண்ணைத் தொடரும் கனவானைப் பார்த்து ‘ஏய் ஸ்விட்ரிகைலோவ்!’ என்று கத்துகிறான். ஒருவனின் தனிச் சிந்தனை என்பதே பல குரல்களின் வாக்குவாதம், ஆசிரியர் அதற்கு மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை என்பது பக்தினின் வாதம். இதைப் படித்துவிட்டு நாவலைத் திறந்தால் அதே பக்கங்கள் வேறு மாதிரி கேட்கும்.

இதன் முதல் வடிவம் 1929இல் வந்தபோது பக்தின் கைதாகியிருந்தார். அடுத்த வருடம் கசக்ஸ்தானின் குஸ்தனாய்க்கு அனுப்பப்பட்டார். திருத்திய பதிப்பு 1963இல்தான் வந்தது. வாங்கினால் கேரில் எமர்சனின் 1984 மொழிபெயர்ப்பை வாங்குங்கள்.

கூடலூர்த் தேயிலை:

நல்ல விவாதம். ஆனால் இதுவரை பேசியவர்கள் யாரும் நாம் எங்கே இருந்து படிக்கிறோம் என்று கேட்கவில்லை. அதனால் ஒரு புத்தகத்தை முன்வைக்கிறேன்: ரேமண்ட் வில்லியம்ஸின் ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’, 1973.

வில்லியம்ஸ் வேல்ஸ் எல்லையில் பாண்டி என்ற மலையடிவாரக் கிராமத்தில் ரயில்வே சிக்னல்காரரின் மகனாகப் பிறந்தவர். புத்தகத்தை அந்தக் கிராமத்திலிருந்தே தொடங்குகிறார். ஆங்கிலக் கவிதை நாட்டுப்புறத்தை எப்படி எழுதியது என்பது கேள்வி. பென் ஜான்சன், பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்று. அதில் மீன் தானாக வலைக்குள் ஓடிவருகிறது, பறவை தன்னைத் தின்னக் கொடுக்கிறது, பழம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. எல்லாம் கிடைக்கிறது, ஆனால் உழைக்கிறவன் யாரும் பாட்டில் இல்லை. உழைப்பின் சாபத்தை மந்திரம்போல எடுத்துவிடும் வித்தை இது என்று வில்லியம்ஸ் காட்டுகிறார். அப்புறம் ஃபார்ன்ஹாம் என்ற ஊரைச் சுற்றி வாழ்ந்த ஜேன் ஆஸ்டின், கில்பர்ட் வைட், வில்லியம் காபெட் மூன்று பேரையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கிறார். ஒரே மண்தான். ஒருவருக்குச் சொத்தும் வரன்களும் தெரிகின்றன, ஒருவருக்குப் பறவைகள் தெரிகின்றன, ஒருவருக்குக் கூலியும் பசியும் தெரிகின்றன.

இதை நீலகிரியில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு மறுபடி மறுபடி நினைவுக்கு வருவது வைஸ்ராய் லிட்டன் 1877இல் ஊட்டியிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதம். எவ்வளவு அழகான ஆங்கில மழை, எவ்வளவு இனிமையான ஆங்கிலச் சேறு என்று உருகுகிறார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பாதை, டெவன்ஷயர் மேடு, ஸ்காட்லாந்து ஓடை எல்லாம் இங்கே தெரிகின்றன அவருக்கு. தொதவரின் எருமை மேயும் புல்வெளி தெரியவில்லை. அந்த 1877இல்தான் சமவெளியில் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். வில்லியம்ஸ் இந்தக் கடிதத்தைப் பேசவில்லை. ஆனால் ஒரு நிலத்தைப் பார்க்கும்போதே அதன் உழைப்பையும் மனிதரையும் கழித்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கே கற்கப்பட்டது என்பதை அவரிடம் படித்துக்கொள்ளலாம்.

என் குடும்பம் இலங்கையின் மலையகத்திலிருந்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்தது. பாட்டி அங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கே அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்திலும் பறித்தார். இந்த மலையின் படங்களில் பச்சை வரிசை இருக்கும், பறிக்கிற கை இருக்காது, இருந்தாலும் அலங்காரமாக இருக்கும். அதனால் எனக்கு இந்தப் புத்தகம் ஐரோப்பாவைப் பற்றியது மட்டும் அல்ல. கடைசிப் பகுதியில் வில்லியம்ஸே காலனிகளுக்கு வருகிறார், நைஜீரிய நாவலாசிரியர் அச்செபெயைப் பேசுகிறார். பத்திகளை அழகாக வாசிப்பது நல்லதுதான். பத்தியில் யார் இல்லை என்று கேட்கக் கற்றுத்தராத வாசிப்பு எங்களுக்குப் போதாது.

மலைரயில்:

கூடலூர்த் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். வில்லியம்ஸ் பட்டியலில் சேர வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவெர்பாக் ‘யார் இல்லை’ என்று கேட்காதவர் அல்ல. இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், கலகம் செய்த பெர்செனியஸ் என்ற சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு நீண்ட பேச்சைக் கொடுக்கிறார். கூலி குறைவு, தழும்பு நிறைய, முதுமையிலும் விடுதலை இல்லை என்று அவன் பேசுகிறான். அவெர்பாக் கேட்கிறார்: இது அவன் பேச்சா? இல்லை, டாசிடஸின் சொல்லணிப் பயிற்சி. சிப்பாயின் கோரிக்கையை ஆசிரியர் ஒரு நொடிகூட நியாயமாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் மாற்கு சுவிசேஷம். ஒரு மீனவன், குளிர்காயும் நெருப்பு, ஒரு வேலைக்காரப் பெண் கேட்கும் கேள்வி, பேதுருவின் மறுதலிப்பு. எளிய மனிதரின் வாழ்வு நகைச்சுவைக்கு மட்டுமே உரியது என்ற பண்டைய விதி அங்கே உடைகிறது என்கிறார். அந்த உடைப்பு பல நூற்றாண்டு கழித்து பிரெஞ்சு நாவலாசிரியர்கள் பால்சாக், ஸ்டெந்தால் வரை எப்படிப் போகிறது என்பதுதான் புத்தகத்தின் முதுகெலும்பு.

குர்ட்டியஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை. 1948இல் வந்தது. ஹோமரிலிருந்து கோதே வரை ஐரோப்பிய இலக்கியம் ஒரே தொடர்ச்சி, நடுவில் பாலம் லத்தீன் என்பது அவர் வாதம். தலைகீழான உலகம், உலகம் என்னும் புத்தகம், நிழல் மரமும் புல்லும் ஓடையும் உள்ள இனிய இடம் என்று, கவிஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிய பொதுப்படிவங்களை நூற்றுக்கணக்கான சான்றுகளோடு காட்டுவார். குறிஞ்சித் திணையின் கருப்பொருள் தெரிந்த தமிழ் வாசகருக்கு அந்த நிலக்காட்சி அத்தியாயம் உடனே பிடித்துப்போகும். லிட்டன் ஊட்டியில் பார்த்ததும் அந்தப் படிவத்தைத்தான். ஆனாலும் வாங்க வேண்டாம். அது தேடிப் பார்க்கும் நூல், வட்டமாக உட்கார்ந்து படிக்க முடியாது. ஒரு பக்கத்தில் பத்துப் பெயர் வரும், பத்தும் நமக்குப் புதிது. உதகையில் நூலகத்தில் கிடைத்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள்.

அடோர்னோ–ஹோர்க்ஹெய்மரை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு காரணத்துக்காக அதை விட மனமில்லை. அவெர்பாக் இஸ்தான்புல்லில் ஒடிசியஸின் தழும்பை எழுதிய அதே போர்க்காலத்தில், கலிஃபோர்னியாவில் இவர்கள் இருவரும் ஒடிசியஸைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கம்பத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு, பாடியே மயக்கி அழிக்கும் சைரன்களின் பாட்டைக் கேட்கும் தலைவன், காதில் மெழுகடைத்துத் துடுப்புப் போடும் ஆட்கள். பாட்டு தலைவனுக்கு, துடுப்பு மற்றவர்களுக்கு. கலை ஒருபக்கமும் உழைப்பு ஒருபக்கமுமாகப் பிரிவதை அவர்கள் அந்தக் காட்சியில் காண்கிறார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பியவர்கள் ஏன் ஹோமரிடம் போனார்கள் என்பது பெரிய கேள்வி. ஆனால் நடை மிகக் கடினம். வாங்கும்போது எட்மண்ட் ஜெப்காட்டின் 2002 மொழிபெயர்ப்பைப் பார்த்து வாங்குங்கள்.

செண்பகனூர்:

சார், பெர்செனியஸ் உதாரணம் அருமை. அது உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெர்செனியஸின் வாயில் டாசிடஸ் பேசுகிறார் என்பதை அவெர்பாக் கண்டுபிடிக்கிறார் என்றால், ஒருவன் வாயில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதற்கு முழு முறையையே பக்தின் உருவாக்கினார். அதனால் என் வாக்கு மாறவில்லை.

கூடலூர்த் தோழருக்கு ஒன்று. நாம் இருக்கும் இடத்திலிருந்து ஐரோப்பாவைப் படிப்பது நம்மிடம் புதிதல்ல. இலங்கைத் தமிழ் விமர்சகர் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்க வீரப் பாடல்களைக் கிரேக்க, அயர்லாந்து, வேல்ஸ் வீரப் பாடல்களோடு ஒப்பிட்டார். அது 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் புத்தகமாக வந்தது. 1982இல் தமிழவன் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ எழுதினார். கோத்தகிரி வட்டம் வாங்கும் புத்தகங்களோடு இவற்றையும் பேச வேண்டும். இல்லாவிட்டால் கோட்பாடு என்பது எப்போதும் வெளியிலிருந்து பார்சலில் வருவது என்ற எண்ணம் தம்பிகளுக்குப் பதிந்துவிடும்.

கோத்தகிரி வாசகி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சில நடைமுறைக் கேள்விகள். ‘மிமெசிஸ்’ தடிமனாக இருக்கிறது, உள்ளே லத்தீன், பிரெஞ்சு, இத்தாலி மொழி என்று பக்கம் பக்கமாக இருப்பதைப் பார்த்து எங்கள் வங்கித் தோழர் பயந்துவிட்டார். எந்தப் பதிப்பு? அப்புறம் வடகிழக்குப் பருவமழையில் எங்கள் வீடுகளில் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. பொதுப் பணத்தில் வாங்கியதைக் கெடுத்துவிடக் கூடாது.

அருவங்காடு:

பூஞ்சைக்கு: பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள், ஆனால் புத்தகத்தை நேர் வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். சிலிக்கா ஜெல் பைகள் போடலாம், ஈரம் இழுத்தபின் காயவைத்து மறுபடி போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் மோசமாகும்.

ஈகிள்டன் என்னிடம் இருக்கிறது, அந்த முதல் அத்தியாயத்துக்காக இரவல் தருகிறேன். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மலைரயில்:

அம்மா, அந்தப் பிறமொழிப் பக்கங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று தோழரிடம் சொல்லுங்கள். மூல மேற்கோளுக்குக் கீழேயே ஆங்கிலம் இருக்கும், தாண்டிப் போய்விடலாம். அதனால் புத்தகம் தெரிவதைவிடச் சிறியதுதான். வில்லார்ட் டிராஸ்க் 1953இல் செய்த மொழிபெயர்ப்புதான் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. 2003இல் வந்த பொன்விழாப் பதிப்பில் எட்வர்ட் சயீதின் முன்னுரை உண்டு, கிடைத்தால் அதை எடுங்கள். கீழை நாடுகளை ஐரோப்பா பார்த்த விதத்தை விமர்சித்து ‘ஓரியண்டலிசம்’ எழுதியவர் அவெர்பாக்கை ஏன் இவ்வளவு நேசித்தார் என்பதைத் தெரிந்துகொள்வது கூடலூர்த் தம்பியின் கேள்விக்கும் உதவும்.

இருபது அத்தியாயத்தையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒன்றும் இரண்டும் முடித்துவிட்டு, டான் கிஹோத்தே பற்றிய பதினான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். ஜெர்மன் முதல் பதிப்பில் அது இல்லை, ஸ்பானிய மொழிபெயர்ப்புக்காகப் பிறகு எழுதிச் சேர்த்தது. அப்புறம் பால்சாக் வரும் பதினெட்டாம் அத்தியாயம், கடைசியாக வர்ஜீனியா வுல்ஃபின் ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவல் பற்றியது. திருமதி ராம்சே பையனின் காலில் வைத்து காலுறையை அளக்கிறாள், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதை வைத்து அவெர்பாக் நவீன நாவல் முழுவதையும் திறந்துகாட்டுகிறார்.

கோத்தகிரி வாசகி:

நேற்று வட்டத்தில் பேசினோம். ‘மிமெசிஸ்’, ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’ இரண்டையும் வாங்குகிறோம். பக்தினுக்கு ஆதரவாகத் தம்பிகள் இருவரும் கடைசிவரை வாதாடினார்கள். தெரிந்த நாவலில்தான் எதிர்க்கேள்வி கேட்க முடியும் என்று செண்பகனூர்த் தங்கை சொன்னது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் எங்களில் ஐந்து பேருக்குத் தோட்டத்தோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது. பென்ஸ்ஹர்ஸ்ட் பாட்டைப் பற்றிச் சொன்னதும் அவர்கள் தங்கள் வீட்டுக் கதைகளைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் எந்த நாவலுக்கும் அப்படிப் பேசியதில்லை. அதனால் இரண்டாவது இடம் வில்லியம்ஸுக்கு. முதலில் எதைத் தொடங்குவது?

செண்பகனூர்:

முடிவில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் மகிழ்ச்சி. என்னிடம் பக்தின் படி ஒன்று இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தஸ்தயேவ்ஸ்கியின் உரையாடல் மொழி பற்றிய கடைசி அத்தியாயத்தை மட்டும் தம்பிகள் இருவரும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னோடு சண்டை போட வேண்டும், அதுதான் நிபந்தனை.

கூடலூர்த் தேயிலை:

அக்கா, வில்லியம்ஸில் தொடங்குவதாக இருந்தால் அவர் புத்தகத்தைத் திறக்கும் முன் பென் ஜான்சனின் பாட்டைத் தனியாகப் படியுங்கள். நூற்றிரண்டு வரிதான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்களில் ஆங்கிலம் நடத்துபவர் யாராவது தமிழில் வரிக்கு வரி சொல்லட்டும். சமைத்தது யார், வலை போட்டது யார், பழம் பறித்தது யார் என்று எல்லாரும் தாங்களே தேடிக் குறித்துக்கொண்டு வரட்டும். அதற்குப் பிறகு வில்லியம்ஸ் அந்தப் பாட்டைப் பேசும் பக்கங்களைப் படித்தால் அவர் எதைச் சரியாகப் பிடித்தார், எதை விட்டார் என்று உங்களுக்கே தெரியும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லுங்கள், நானும் பஸ் ஏறி வருகிறேன். ஊட்டி வழியாக வர நேரம் பிடிக்கும், அதனால் காலையில் வைக்காமல் மதியத்துக்கு மேல் வையுங்கள்.